நகையை அடகு வைத்துக் கேமரா வாங்கலாமா?

சேலம் சிவதாபுரம் பகுதியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 31. வீட்டின் முன்கட்டிலேயே கணவரும் மாமனாரும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார்கள். பல வருடங்களாக வியாபாரிகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுத்தவர்கள். இரண்டு வருடங்களாக இவர் கொலுசுகளைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி நேரடியாகவும் விற்கிறார். ஆனால், "வெள்ளி ஈயம் மாதிரித் தெரிகிறதே" என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். கேமராக் கடையில் விசாரித்ததில் கேமரா, லென்ஸ், விளக்கு எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் ஆகும் என்றார்களாம். மாமியார் தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்து அடகு வைக்கச் சொல்கிறார். கணவர் வேண்டாம் என்கிறார். இதற்கிடையில், ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குச் செல்லும் தாயாரைப் பார்க்கப் போனபோது இவர் எடுத்த ஒரு பனிமூட்டப் படத்தை, அங்கே தங்கும் விடுதி நடத்தும் ஒருவர் கேட்டு வாங்கி, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் தன் விளம்பரப் பலகையில் அச்சிட்டுவிட்டார். "வெறும் போனில் எடுத்ததுதானே, பில்லும் இல்லை, பதிவும் இல்லை, அதனால் நான் கேட்க முடியாது அல்லவா?" என்று எழுதியிருக்கிறார். ஆடித் திருவிழாவைப் படமெடுப்பது பற்றியும் கடைசியில் ஒரு கேள்வி உண்டு.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் கொலுசின் ஒவ்வொரு முத்திலும் பச்சையாக ஒரு புள்ளி இருக்கிறது. அது நீங்கள் அன்று கட்டியிருந்த சேலையின் நிறம் என்றே நினைக்கிறேன். இரண்டாவது படத்தில் விரித்திருக்கும் வேட்டியின் மேல் மங்கலான கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடுகின்றன. அது தலைக்கு மேல் எரியும் ட்யூப்லைட்டின் வேலை. மூன்றாவதில் வெள்ளை வேட்டியே சாம்பல் நிறமாகிக் கிடக்கிறது. இந்த மூன்று குறைகளில் ஒன்றுகூட உங்கள் கைப்பேசியின் குறை அல்ல. 1,20,000 ரூபாய்க் கேமராவை அதே ட்யூப்லைட்டின் கீழ், அதே வேட்டியின் மேல், அதே இரவு ஒன்பது மணிக்கு வைத்து எடுத்திருந்தாலும் பச்சைப் புள்ளி அப்படியே விழுந்திருக்கும்; பட்டைகளும் சாம்பலும்கூட அநேகமாக வந்திருக்கும்.

ஆகவே என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வளையலை இப்போது அடகு வைக்க வேண்டாம். என்றைக்குமே கேமரா வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. எப்போது வாங்கலாம் என்பதையும் கீழே எழுதுகிறேன்.

வெள்ளி ஏன் ஈயமாகிறது

கேமரா எதுவானாலும், தன் முன்னால் இருப்பது சராசரியாக நடுத்தரச் சாம்பல் வெளிச்சம் உடையது என்று எண்ணிக்கொண்டே ஒளியை அளக்கிறது. வெள்ளை வேட்டியின் மேல் வெள்ளிக் கொலுசை வைத்தால், வெளிச்சம் அளவுக்கு மீறி இருப்பதாகக் கருதி அது படத்தை இருட்டாக்கிவிடும். வேட்டி சாம்பலாவதும் வெள்ளி ஈயமாவதும் இதனால்தான். திரையில் கொலுசின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைப்பேசிகளில் வெளிச்சமும் குவியமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சிறு சூரியக் குறி தோன்றும். அதை மேலே தள்ளினால் படம் வெளுக்கும், கீழே இறக்கினால் இருளும். வேட்டி வேட்டியாகத் தெரியும் வரை மேலே தள்ளுங்கள். முத்துக்களின் நெற்றியில் செதுக்கு வேலை மறைந்து வெறும் வெள்ளையாகத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு நூல் கீழே இறக்குங்கள். இதற்கு எந்தச் செலவும் இல்லை.

அடுத்தது ட்யூப்லைட். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த ட்யூப்லைட் வினாடிக்கு 100 முறை மின்னி மங்குகிறது. கண் அதை உணர்வதில்லை. கேமரா உணர்ந்து பட்டைகளாகக் காட்டிவிடுகிறது. மேலும் ட்யூப்லைட்டின் நீலமும் ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சமும் கலந்தால், வெள்ளியின் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறொரு நிறமுமாகும். படமெடுக்கும்போது வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வெயில் நேரடியாக விழாத ஜன்னல் அல்லது திண்ணை, காலை எட்டிலிருந்து பத்து மணி வரை. உங்களுக்கு வேண்டிய ஸ்டுடியோ அவ்வளவுதான். வெயில் விழும் ஜன்னல்தான் இருக்கிறதென்றால், அதன் குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டிவிடுங்கள். சேலத்து வெயில் கடுமையானது. அதை வேட்டியில் வடிகட்டினால் வெள்ளிக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடைப்பது அரிது.

இனிப் பச்சைப் புள்ளிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தொழிலுக்கு முக்கியமானது இதுதான். மெருகு போட்ட வெள்ளி என்பது கண்ணாடி போன்றது. நாம் வெள்ளியைப் படமெடுப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் வெள்ளியில் தெரியும் சுற்றுப்புறத்தைத்தான் எடுக்கிறோம். வட்டமான ஒரு முத்து தன்னைச் சுற்றியுள்ள அறை முழுவதையும், உங்கள் சேலையையும் கைப்பேசியையும்கூட உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே சுற்றுப்புறத்தை வெள்ளையாக்குங்கள். இரண்டு தெர்மாகோல் அட்டைகளைக் கொலுசின் இருபுறமும் சுவர்போல் நிறுத்துங்கள். உங்களுக்கும் கொலுசுக்கும் நடுவே ஒரு வெள்ளைச் சார்ட் தாளைப் பிடித்து, அதில் லென்ஸ் அளவுக்கு ஒரு துளை வெட்டி, அந்தத் துளை வழியாக எடுங்கள். இப்போது முத்தில் பச்சை இருக்காது. ஆனால் வேறொரு சிக்கல் வரும். எல்லாமே வெள்ளையாகி, கொலுசின் விளிம்பு பின்னணியோடு கரைந்துவிடும். அப்போது விரல் அகலத்தில் ஒரு கறுப்புத் தாள் பட்டையை வெட்டி, படத்துக்குள் விழாதபடி ஓரமாக நிறுத்துங்கள். முத்துக்களின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். அந்தக் கோடு வந்தவுடன் உருண்டை உருண்டையாகத் தெரியும். வெள்ளி வெள்ளியாக எழுந்து நிற்கும். பட்டையை ஒரு அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தினால் கோடு தடிப்பதையும் மெலிவதையும் திரையிலேயே பார்க்கலாம். முதல் நாள் இதற்கே அரை மணி நேரம் ஆகும். பழகிவிட்டால் ஒரு ஜோடிக்கு ஐந்து நிமிடம் போதும்.

வேறு சில செய்திகளும் உண்டு. கைப்பேசியைக் கொலுசுக்கு மிக அருகில் கொண்டுபோகாதீர்கள். ஒரு சாணுக்கு மேல் தள்ளி வைத்து, இரண்டு மடங்குக்குப் பெரிதாக்கி எடுங்கள். நெருங்கிப் போனால் முன்பக்க முத்து பூசணிக்காயாகவும் பின்பக்கத் திருகாணி கடுகாகவும் தெரியும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறையையும் கொலுசுக்குப் பயன்படுத்த வேண்டாம். அது மென்பொருள் செய்யும் கணக்கு, வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளிகளில் தடுமாறிச் சங்கிலியையே தின்றுவிடும். எடுப்பதற்கு முன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். பட்டறை வீட்டில் மெருகுத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் லென்ஸில் படியாமல் இருக்காது. துடைக்காத லென்ஸை வைத்துக்கொண்டு கேமரா சரியில்லை என்று வந்தவர்களை என் ஸ்டுடியோவில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

மெகாபிக்சல் கணக்கு

உங்கள் கைப்பேசியில் 12 மெகாபிக்சல்தான் (ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளி) இருக்கிறது, பக்கத்து வீட்டில் 108 இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 108 என்று விற்கப்படும் கைப்பேசிகள் வழக்கமான முறையில் ஒன்பது ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகின்றன. உங்கள் படத்தில் அகலவாட்டில் 4000, உயரவாட்டில் 3000 புள்ளிகள் இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்தில் 13 அங்குலத்துக்குப் 10 அங்குலம் வரை இதை அச்சிடலாம். வாட்ஸ்அப்பில் பார்க்கிறவர்களுக்கு இதில் கால்வாசிகூடத் தேவையில்லை. அதே சமயம், வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது என்பதை நினைவில் வையுங்கள். மொத்த வியாபாரிகளுக்கு நுணுக்கம் தெரிய வேண்டுமானால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

அடகுக் கணக்கும், எப்போது வாங்கலாம் என்பதும்

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டாலும் 1,20,000 ரூபாய்க்கு மாதம் 1,200, வருடத்துக்கு 14,400 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். தவணை தவறி நகை ஏலத்துக்குப் போனால், இழப்பது மாமியாரின் வளையலை மட்டும் அல்ல. வீட்டில் உங்களை நம்பிக் கழற்றிக் கொடுத்த ஒரே ஆளின் நம்பிக்கையையும் சேர்த்து இழப்பீர்கள். உங்கள் கணவர் வேண்டாம் என்பதை உங்கள் திறமையை மட்டம் தட்டுவதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்தவரையில் அவர் பயப்படுவது வட்டிக்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழில் தொடங்கிய புதிதில் கடன் வாங்கி ஒரு விலையுயர்ந்த லென்ஸ் வாங்கினேன். அந்த மழைக்காலம் முழுவதும் ஏற்காட்டிலேயே வேலை. லென்ஸைத் தோல் பையில் மூடி மூடி வைத்திருந்தேன். கடன் பாதி அடைவதற்குள் கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்துவிட்டது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் அதை இன்னும் கெடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கேமராவின் விலை கடையில் முடிவதில்லை. ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத டப்பாவிலிருந்து அது தொடர்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே மூன்று மாதம் பொறுங்கள். தெர்மாகோல், சார்ட் தாள், கைப்பேசியைப் பிடிக்கும் சிறு முக்காலி எல்லாம் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மூன்று மாதத்தில் "ஈயம்" என்ற புகார் நின்று விற்பனை கூடினால், அந்த லாபத்தில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அதன் பிறகும் செதுக்கு வேலையின் நுணுக்கம் போதவில்லை என்று தோன்றினால், ஒரு நாள் கேமராவையும், சிறு பொருளை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸையும் வாடகைக்கு எடுத்து அதே ஜன்னலில் வைத்து எடுத்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் உங்கள் வாடிக்கையாளருக்குத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள், அதுவும் பழைய கேமராவாக. நிறுவனங்கள் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் பக்கம் திரும்பிவிட்டதால், கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் நல்ல நிலையிலேயே குறைந்த விலைக்கு வருகின்றன. லென்ஸ் வழியே டார்ச் அடித்துப் பார்த்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

கைப்பேசியால் ஆகாத வேலைகள் இருக்கின்றன என்பதை மறைப்பது நியாயமாகாது. மங்கலான கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் அந்த ஒரு நொடி, ஏற்காட்டு மரக் கிளைகளில் தாவும் பறவைகள், ஓடும் குழந்தை. இவற்றுக்கு ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார் பெரிதாகவும், லென்ஸ் நீண்டதாகவும் வேண்டும். உங்களுக்குக் கல்யாண வேலை எடுக்கும் எண்ணம் வந்தால் அப்போது எழுதுங்கள்; அது வேறு கணக்கு.

ஏற்காட்டுப் படமும் உங்கள் உரிமையும்

உங்கள் பனிமூட்டப் படம் நன்றாக இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும் முன்னால் கறுப்பாக, பின்னால் போகப்போக வெளுத்துக் கடைசி வரிசை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நிற்கின்றன. ஒரே குறை, பனி சற்றுச் சாம்பலாக இருக்கிறது. கொலுசுக்குச் சொன்ன அதே காரணம்தான். பனியிலும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். கோடை மழைக்குப் பின் காப்பிச் செடி பூக்கும் இரண்டு மூன்று நாட்களிலும் அப்படியே செய்யுங்கள். இல்லையென்றால் அந்த வெள்ளைப் பூ வாடியதுபோல் தெரியும். ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் சேலத்து விளக்குகளை எடுக்க முயன்று கலங்கிப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். கைப்பேசியைச் சுவரின் மேல் சாய்த்து வைத்து, மூன்று வினாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள், கலங்காது.

பழம் பறிக்கும் பெண்களை எடுக்கும்போது முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவோடு வேலை செய்கிறவர்கள் என்பதால் மறுக்கத் தயங்குவார்கள். ஆகவே நீங்கள்தான் இரண்டு முறை கேட்க வேண்டும். தோட்டம் தனியார் நிலம், அதற்கும் அனுமதி வேண்டும். காப்புக் காட்டுக்குள் போவதானால் வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆட்களை எடுக்கும்போதும் நான் சொன்ன இரண்டு மடங்கு அளவே சரியாக வரும். பெரும்பாலான கைப்பேசிகளில் அது ஏறக்குறைய பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸின் பார்வைக்குச் சமம். 1950-இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் இறுதி நாட்களைப் படமெடுத்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸான், தன் பெரும்பாலான படங்களை அந்த ஒரு லென்ஸிலேயே எடுத்தவர். அவர் கையில் இருந்த லைக்கா மலிவான கேமரா அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி விளம்பரப் பலகை. போனில் எடுத்தது, பில் இல்லை, பதிவு இல்லை என்பதால் உரிமை இல்லை என்று நீங்கள் நினைப்பது தவறு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கேமராவின் விலையைப் பார்ப்பதில்லை. படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். பதிவு செய்வது கட்டாயம் அல்ல. எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரையும் உரிமை நிற்கும். படத்தைப் பார்க்க அனுப்பியது, அச்சிட அனுமதித்ததாகாது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் அறிந்துகொள்ளுங்கள்: ஒருவர் பணம் கொடுத்து உங்களை எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் அவர்தான். பிற பட்டறைக்காரர்களுக்கும் கூலிக்குப் படம் எடுத்துத் தரலாமா என்று யோசிப்பதாகச் சொன்னீர்கள். அந்தப் படங்களை உங்கள் விளம்பரத்துக்கும் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமானால் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விடுதிக்காரர் விஷயத்தில் இரண்டு காரியங்களை உடனே செய்யுங்கள். முதலாவது, அசல் படத்தைக் கைப்பேசியிலிருந்து அழிக்காமல் வேறொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். எடுத்த தேதி, நேரம், கைப்பேசியின் பெயர் எல்லாம் அசல் கோப்பில்தான் பதிந்திருக்கும், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகப் போன பிரதியில் இருக்காது. இரண்டாவது, அந்தப் பலகையைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். அதன் பிறகு என்ன செய்வது என்பதில்தான் யோசனை வேண்டும். அவர் உங்கள் அம்மா வேலை செய்யும் தோட்டத்து முதலாளிக்குச் சொந்தக்காரர் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எடுத்த எடுப்பில் வக்கீல் நோட்டீஸ் விட்டால் சட்டப்படி நீங்கள் சரி, ஆனால் அதன் சூடு அம்மாவின் தினக்கூலியில் போய் விழலாம். முதலில் அம்மாவிடம் பேசுங்கள். அவர் சரி என்றால், விடுதிக்காரருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: "ஐயா, பலகையில் உள்ள படம் நான் எடுத்தது. என் பெயரைச் சேர்த்து, ஒரு தொகையும் தந்தால் தொடர்ந்து பயன்படுத்திக்கொள்ளலாம்" என்ற அளவில் போதும். கோபமாகப் பேச வேண்டாம், அதே சமயம் இனாமாகவும் விட்டுவிட வேண்டாம். பதில் வராவிட்டால் சேலம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நான் படமெடுப்பவன், வழக்கறிஞன் அல்லன். நோட்டீஸ் அனுப்பும் கட்டம் வந்தால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

ஆடித் திருவிழா

கோட்டை மாரியம்மன் கோயிலுக்குள் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே உள்ளே வேண்டாம். சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைக்குப் போங்கள், அது தெருவில் நடப்பது. சாமி வேடம் போட்டவர்கள் வண்டியில் அசையாமல் நிற்பார்கள், சுற்றிலும் சீரியல் விளக்கு மின்னும். விளக்கைப் பார்த்து அளந்தால் முகம் கறுக்கும், கூட்டத்தைப் பார்த்து அளந்தால் முகம் வெளுக்கும். வேடம் போட்டவரின் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து, சூரியக் குறியை ஒரு நூல் கீழே இறக்கி, வண்டி நிற்கும் நேரம் பார்த்து எடுங்கள். நெருக்கித் தள்ளும் கூட்டம் அது. கைப்பேசியை மணிக்கட்டில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு போங்கள்.